நூற்றிருபத்தெட்டும் முந்நூற்றிருபதும்

லீவு நாளில் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. ஏதாவது ஒன்றைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். போன வருஷம் அந்த அரிப்பு பாட்டுகள் பக்கம் திரும்பியது.

பழவேற்காட்டில் அண்ணன் குடும்பத்தோடுதான் இருக்கிறேன். வீட்டுப் பாட்டுகள் எல்லாம் ஒரு ஹார்டு டிஸ்கில் கிடக்கின்றன. முக்கால்வாசி அண்ணன் சேர்த்தவை. பொன்னேரிக் கடையில் மெமரி கார்டில் ஏற்றியது, மீன்பிடிப் படகில் கூட வருபவர்களிடம் புளூடூத்தில் வாங்கியது, பழைய சிடியிலிருந்து எடுத்தது என்று ஒரே பாட்டு நாலு பெயரில் இருக்கும். நான் புதிதாக ஹெட்போன் வாங்கிய பிறகுதான், சில பாட்டுகள் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் இருப்பது உறைத்தது. அதோடு நிம்மதி போயிற்று.

ஒரு விநாடிச் சத்தத்தைப் பதிந்து வைக்க எவ்வளவு தகவல் செலவாகிறது என்பதுதான் பிட்ரேட். முந்நூற்றிருபது கிலோபிட் என்றால் தாராளம். நூற்றிருபத்தெட்டு பரவாயில்லை. அறுபத்துநாலுக்கு இறங்கினால், இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக உச்ச ஸ்தாயியில் இருக்கும் சன்னமான சத்தங்களை வெட்டிவிடுகிறார்கள். வெட்டியது திரும்பாது. அது தெரியாமல் நான் அறுபத்துநாலை எல்லாம் முந்நூற்றிருபதாக மாற்றிப் பார்த்தேன். கோப்பு பெருத்தது, பாட்டு மங்கலாகவே இருந்தது. கிண்ணத்துக் குழம்பை அண்டாவில் ஊற்றினால் குழம்பு கூடுமா? இதில் இன்னொரு எரிச்சல், நான் நல்லவை என்று நம்பியிருந்த பலவும் முன்பே யாரோ இப்படி ஊதிப் பெருக்கியவை. எண்ணைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. ஒவ்வொன்றையும் காதால் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

பொன்னேரியிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் கேட்டேன், சாப்பிடும்போது கேட்டேன். ஒரு பாட்டை ஒழுங்காக முடிக்கவிடாமல் அதன் இன்னொரு பிரதிக்குத் தாவுவேன். பாட்டை ரசிப்பது எப்போதோ நின்றுவிட்டது.

மங்கலானவற்றை அழிக்கலாம் என்று முடிவு செய்தபோது, அண்ணனைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினேன். தவிலும் கைத்தாளமும் முழுக்க வரும் ஒரு திருவிழாப் பாட்டு. முதலில் மோசமான பிரதி, பிறகு நல்லது.

“ரெண்டும் ஒண்ணுதான்டா,” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் உழைப்பு. “கைத்தாளத்த கவனிண்ணா. ஒண்ணுல சலசலன்னு கீது, இன்னொண்ணுல கணீர்னு கீது.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். “இன்னா கைத்தாளம்?”

கேலி என்று நினைத்தேன். சத்தத்தைக் கூட்டினேன். தவில் கேட்கிறது, பாடுகிறவர் குரல் கேட்கிறது என்றார். வேறு எதுவும் இல்லை என்றார். நல்ல பிரதியில் கைத்தாளம் முன்னால் நின்று அடிக்கிறது. அவர் முகத்தில் கேலி இல்லை.

அடுப்படியிலிருந்து அண்ணி வந்து நின்றார். குக்கர் விசில் பக்கத்தில் அடித்தாலும் இவர் திரும்புவதில்லை, போன் அடித்தால் எடுப்பதில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நான் கூப்ட்டா வேணும்னே திரும்பலன்னு நெனச்சிகினு இருந்தேன்,” என்றார். அதை வைத்து இருவருக்கும் நடந்த சண்டைகள் எனக்குத் தெரியும்.

அண்ணன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, தன் காதில் ஒரு குறையும் இல்லை என்று வெளியே போய்விட்டார்.

அந்த வாரம் வேலையிடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. அண்ணன் பைபர் படகில் என்ஜினை ஒட்டி உட்காருபவர், எத்தனையோ வருஷமாக. ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் முகத்துவாரத்தில் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். முன்னால் நிற்பவர் போடும் கூப்பாட்டை வைத்துத்தான் பின்னாலிருப்பவர் படகைத் திருப்புவார். படகில் கூடப் போகிறவரிடம் ஜாடையாகக் கேட்டேன். கொஞ்ச காலமாகவே கத்துவதை விட்டுவிட்டுக் கையைத்தான் காட்டுவதாகச் சொன்னார். அண்ணன் பார்க்காத நேரத்தில் அலை வந்தால் என்று நான் கேட்டதும், அவர் வலையை உதறத் தொடங்கினார். யாரும் யாரிடமும் பேசாமலே எல்லோரும் அண்ணனின் காதுக்குப் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் திரும்பவும் பேச்செடுக்கப் பயந்து சுற்றிக்கொண்டிருக்கையில், ஒரு சாயங்காலம் அவராகவே வந்து அந்தப் பாட்டைப் போடச் சொன்னார். திரும்பத் திரும்பக் கேட்டார். வலது காதை மட்டும், பிறகு இடது காதை மட்டும் வைத்துப் பார்த்தார்.

“எங்க போய் காட்றது?” என்றார்.

பொன்னேரியில் ஒரு காது டாக்டரிடம் போனோம். சின்னச் சின்ன சத்தங்களை ஒவ்வொன்றாகப் போட்டு, கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். அந்த அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். நெடுநேரம் கை தூக்காமல், பள்ளிக்கூடப் பிள்ளைபோல அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ஜின் சத்தம்தான் காரணம் என்றார் டாக்டர். சன்னமான சத்தங்கள் போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். படகில் காதுக்கு மூடி, வீட்டில் சத்தத்தைக் கூட்டிக்காட்டும் காதுக் கருவி. கடலுக்குப் போகலாமா என்பது ஒன்றைத்தான் அண்ணன் கேட்டார். போகலாம் என்றதும் மூச்சு விட்டார்.

இப்போது படகில் மூடி மாட்டிக்கொள்கிறார். கை ஜாடைகளை எல்லோரும் வெளிப்படையாகப் பேசி வைத்துக்கொண்டார்கள். கருவி மட்டும் அவருக்குத் தொல்லை. காகிதம் கசங்கினாலும் முகம் சுளிப்பார், பிள்ளைகள் சண்டை போட்டால் கழற்றி ஜேபியில் போட்டுவிடுவார். ஆனால் அதை மாட்டிய முதல் நாள் ஸ்பீக்கரில் அந்தத் திருவிழாப் பாட்டைப் போட்டேன். பாதியில் கையை உயர்த்தினார்.

“இதுவா? இது இவ்ளோ நாளா இதுலயே இருந்துச்சா?”

ஆமாம் என்றேன். அப்புறம் எதையும் அழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார், மோசமானதைக்கூட. எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டுமாம். ஒன்று முடிவதற்குள் அடுத்ததற்குத் தாவுகிறார், பிறகு முந்தையதைத் திரும்பப் போடச் சொல்கிறார். அண்ணி சாப்பிடக் கூப்பிட்டால், காதில் விழுந்தும் எழுந்து போவதில்லை.