பூசணியில் போட்ட கடிதம்

பிஞ்சில் எழுதினால் காய் மட்டும்தான் வளரும், எழுத்து அதே அளவில் இருக்கும் என்று நம்பிய முட்டாள் நான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாலாம் வகுப்பில் அறிவியலில் வகுப்புக்கே இரண்டாவது வேறு.

அந்தக் கோடை விடுமுறையில் என்னை ஆண்டிமடம் பக்கத்தில் இருந்த அத்தையிடம் அனுப்பினார்கள். அப்பாவின் அக்கா. அப்பா வெளிநாட்டில் இருந்தார். ஜெயங்கொண்டத்தில் அம்மா தையல் கடைக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் என் மூளையும் மட்டும்தான். அந்தக் கூட்டணி பக்கத்து வீட்டுக் கோழியை வாஷிங் மெஷினில் குளிப்பாட்டப் பார்த்த அன்று என் தலையெழுத்து முடிவானது. கோழி பிழைத்துக்கொண்டது. என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

சுற்றிலும் முந்திரிக்காடு, நடுவே ஒரு ஏக்கர் செம்மண். கொஞ்சம் வெண்டை, கொஞ்சம் கத்திரி, மீதியெல்லாம் சாம்பல் பூசணி. ஓரத்தில் அத்தையின் ஓட்டு வீடு. மாமா இறந்து, இரண்டு மகள்களும் கல்யாணமாகி வெளியூர் போனபிறகு அங்கே அத்தை மட்டும்தான் இருந்தாள். போனவர்கள் பேச்சையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள் போல. ‘எந்திரி’, ‘தின்னு’, ‘தண்ணி கட்டு’, ‘படு’. ஒரு நாளைக்கு எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையானால் விசேஷமாக ‘எண்ணெ தேச்சிக் குளி’ என்று ஒன்று.

தண்ணி கட்டுவதுதான் என் உத்தியோகம். மோட்டார் ஓடும்போது ஒரு பாத்தி நிறைந்ததும் மண்ணை அணைத்து அதன் வாயை அடைத்துவிட்டு, அடுத்ததன் வாயைத் திறந்துவிட வேண்டும். நான் அடைத்தது உடைந்துகொள்ளும், திறந்தது அடைத்துக்கொள்ளும். ஒருநாள் கொட்டாங்குச்சிக் கப்பல் விட்டு அதன் பின்னாலேயே நான் போக, தண்ணீர் முழுக்க அடுத்தவர் முந்திரிக்குப் பாய்ந்தது. நான் முடித்ததும் அத்தை மண்வெட்டியோடு வந்து அத்தனை பாத்தியையும் மறுபடி முதலிலிருந்து கட்டுவாள். திட்ட மாட்டாள். மறுநாள் காலையில் அதே ‘தண்ணி கட்டு’.

பேச ஆளில்லை. மோட்டாரிடம் பேசிப் பார்த்தேன், அதுவாவது உறுமியது. கண்ணாமூச்சி கூடத் தனியாக ஆடினேன். நானே ஒளிந்துகொண்டு, யாரும் தேடி வராததால் நானே எழுந்து வருவேன். அதில் ஒருமுறைகூட நான் தோற்றதில்லை. இருந்தும் அழுகையாக வந்தது.

சாயங்காலம் அம்மா போன் செய்வாள். மோட்டார் கொட்டகைப் படியில் நின்றால்தான் சிக்னல். அத்தை பக்கத்திலேயே நிற்பாள். எனவே, ‘நல்லா இருக்கேம்மா, சாப்ட்டேம்மா’ என்பதோடு என் துக்கம் முடிந்துவிடும்.

அப்போதுதான் அந்த மகத்தான யோசனை. அத்தையின் பூசணி ஜெயங்கொண்டம் சந்தைக்குத்தான் போகிறது. அம்மா காய் வாங்குவதும் அங்கேதான். கருவேல முள் ஒன்றை ஒடித்து, கைப்பிடி அளவு பிஞ்சில், சுணை கையில் அரிக்க அரிக்க, அரிசி அரிசியாக எழுதினேன்: ‘அம்மா கூட்டிட்டுப் போ.’ எழுதியபின்தான் எந்த அம்மா என்று தெரியாதே என்று உறைத்தது. பள்ளியில் கடிதம் எழுதச் சொல்லித் தந்தபடி, ‘இப்படிக்கு, 4 ஆ பிரிவு’ என்று சேர்த்தேன். ஒன்று தவறினாலும் இன்னொன்று போய்ச் சேரட்டும் என்று ஐந்து பிஞ்சில் ஐந்து பிரதிகள்.

பத்தே நாளில் அரிசி புளியங்கொட்டையானது. அப்புறம் விரல் நீளம். காய் முற்றி மேலே வெள்ளைச் சாம்பல் பூத்தபோது, நான் கீறிய இடத்தில் மட்டும் அது படியவில்லை. வெள்ளைச் சுவரில் கரியால் எழுதிய மாதிரி என் ரகசியம் வயலில் நின்று கத்தியது. இலையைப் போட்டு மூடினேன், காற்று தள்ளிவிட்டது. அத்தை வரும்போதெல்லாம் ஓடிப்போய் அதன்மேல் உட்கார்ந்தேன். ஐந்து காய்க்கு ஒரு பின்புறம் போதவில்லை.

அத்தை தினமும் கொடி கொடியாகப் போய், காய் ஈரமண்ணில் பட்டு அழுகாமலிருக்க அடியில் வைக்கோல் வைப்பவள். ஒருநாள் நான் எழுந்து போய்ப் பார்த்தபோது ஐந்து காய்களும் புது வைக்கோல் மேல், எழுத்து தரையைப் பார்த்தபடி திரும்பியிருந்தன. தப்பித்தோம் என்று சாமிக்கு நன்றி சொன்னேன். சாமி வைக்கோல் சுமக்குமா என்று யோசிக்கவில்லை.

மே மாதக் கடைசியில் வியாபாரி குட்டியானை வண்டியோடு வந்தார். ஒவ்வொரு காயாகத் தூக்கி உருட்டிப் பார்த்தவர், நடுவில் நின்றார்.

“யக்கா, என்னக்கா இது, காய்க்குப் பச்சை குத்தி வச்சிருக்கீங்க?” பிறகு எழுத்துக் கூட்டி, முந்திரிக்காடு முழுக்கக் கேட்கும்படி படித்தார். “அம்மா... கூட்டிட்டு... போ. யாருப்பா அது நாலு ஆ பிரிவு?”

நான் கத்திரிச் செடிக்குப் பின்னால் இருந்தேன். கத்திரிச் செடி என் இடுப்பு வரைதான் என்பது அவர் நேராக என்னைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

“கீறல் காய் தாங்காதுக்கா. கடையில எவனும் திருஷ்டிக்குக் கட்ட மாட்டான். இந்த அஞ்சும் வேணாம்.”

“வுடு. அது வூட்டுக்கு,” என்றாள் அத்தை.

அடி விழும் என்று காத்திருந்தேன். கூட்டுதான் வந்தது. அன்றைக்கும் மறுநாளும் அதற்கு மறுநாளும் பூசணிக் கூட்டு. சொந்தக் கடிதத்தைப் பருப்புப் போட்டு வேகவைத்துத் தின்றவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பள்ளி திறக்கும் முன் அம்மா வந்தாள். அத்தை ஒரு காயை மட்டும் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, வழியனுப்பக்கூட நிற்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குள் போய்விட்டாள். எனக்கு ஒரே குஷி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில் என் மடியிலிருந்த பையைப் பிரித்து அம்மா படித்தாள். சிரித்தாள். பிறகு ஜெயங்கொண்டம் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். என் கடிதம் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்குப் பெருமை.

இந்தக் கோடையில் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது பாதி நிலம் தரிசு, மீதியில் அதே பூசணி. வைக்கோலைச் செருகிக்கொண்டிருந்தவளிடம் இத்தனை வருஷம் கழித்துக் கேட்டேன்.

“ஏன் அத்தை, அந்த எழுத்தை எப்ப பாத்த?”

“பிஞ்சுலயே.”

“அப்பவே அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்கலாமில்ல?”

அத்தை நிமிரவில்லை. அடுத்த காயைப் புரட்டினாள்.

“அப்பறம் தண்ணி யாரு கட்டறது?”