பாண் பாலுவைக் கண்டுபிடித்த கதை

வானொலி நாடகத்தில் நடிப்பவர்களுக்கு முகம் கிடையாது, குரல்தான் முதல். அந்தக் குரலை வைத்துக்கொண்டு ரோட்டில் நடக்க வேண்டியிருந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது விளங்கும்.

மணி பிறந்த விதம்

வடக்கில் சண்டை நடந்த காலம். கொழும்பில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டால் வீடு என்று அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்கள் சிரிக்க ஏதாவது வேண்டும் என்று எங்கள் தயாரிப்பாளர் யோகம் மிஸ் ஒரு பழைய ஆங்கிலச் சிறுவர் நாவலைத் தமிழ் நாடகமாக்கினார். மூன்று பிள்ளைகள் துப்பறிகிறார்கள். களவுபோனது ஒரு கலியாணக் கேக். கள்ளன் ஒரு பேக்கரிக்காரன். பாண், அதாவது பேக்கரி ரொட்டி, சுடுகிறவன் என்பதால் தமிழில் அவனுக்கு ‘பாண் பாலு’ என்று பெயர் வைத்தார்.

துப்பறியும் தலைவன் மணிக்கு முதலில் உண்மையான பையன்களைத்தான் கூட்டிவந்தோம். ஒருவன் ஒலிவாங்கியைக் கண்டதும் கொட்டாவி விட்டான். மற்றவனுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தவுடன் ஒண்டுக்கு வந்தது. கடைசியில் அயலவர் வேடத்துக்கு வந்திருந்த என்னைப் பிடித்து வாசிக்கச் சொன்னார்கள். மூக்கைக் கொஞ்சம் சுருக்கி, தொண்டையை இறுக்கி வாசித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த யோகம் மிஸ் எழும்பி வந்தார்.

“இனி நீர்தான் மணி. உமக்குக் கலியாணம் முடிஞ்சு ரெண்டு பிள்ளையள் எண்டதை வெளியில சொல்லிப்போடாதையும்.”

ஒரு ரசிகர் வந்தார்

நாடகம் ஒலிபரப்பாகிக் கொஞ்ச நாளில், புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு கலையக வாசலுக்கு வந்துவிட்டார். மகனுக்கு ஏழு வயது இருக்கும். மணியைப் பார்க்காமல் சோறு தின்ன மாட்டேன் என்று நிற்கிறானாம். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது.

மனம் கேட்கவில்லை. குனிந்து மணியின் குரலில், “எப்படி இருக்கிறாய்?” என்றேன். அவன் என்னைப் பார்க்கவேயில்லை. என்னைச் சுற்றி ஒரு தரம் நடந்தான். என் கைப்பையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு கண்கலங்கிக் கேட்டான்.

“மணிய எங்க ஒளிச்சி வெச்சீக்கிறீங்க?”

கள்ளனின் கஷ்டம்

என் பாடு பரவாயில்லை. பாண் பாலுவாக நடித்த செல்வரத்தினம் அண்ணையின் பாடுதான் பெரும்பாடு. புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதுபவர். ஊர் யாழ்ப்பாணம், குடியிருப்பு கொட்டாஞ்சேனை. ஒரு எறும்பை மிதித்தால் மூன்று தரம் திரும்பிப் பார்க்கிற மனுசன். ஆனால் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று தொண்டையைக் கரகரத்தாரென்றால் எங்களுக்கே கேக்கைப் பூட்டி வைக்கத் தோன்றும்.

ஒரு நாள் அவர் தன் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் யாருடனோ கதைத்துக்கொண்டு போனதைப் பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்குப் பின்னால் ஒரு துப்பறியும் படை. மதிலுக்குப் பின்னால் தலைகள், லாம்புக் கம்பத்துக்குப் பின்னால் தலைகள். கோபம் வரவில்லையா என்று கேட்டேன். வெட்கமாகச் சிரித்தார்.

“பாவங்கள், விளையாட வேற என்ன இருக்குது? பேக்கரிக்கு மட்டும் இப்ப என்ர மனுசியை அனுப்புறன்.”

கள்ளனைக் காணவில்லை

ஒரு ஒலிப்பதிவு நாள். எல்லாரும் வந்தாயிற்று, செல்வரத்தினம் அண்ணையைக் காணவில்லை. நேரம் சுணங்கி வருகிற ஆள் இல்லை. கடைசியில் அவர் மனைவி பாக்கியம் அக்கா கலையகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். விடியப்புறம் கொட்டாஞ்சேனையில் பொலிஸ் சுற்றிவளைத்து வீடு வீடாகச் சோதனை. அடையாள அட்டை இருந்தும், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்டு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். எந்தப் பொலிஸ் நிலையத்துக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை.

என் கையில் அன்றைய பிரதி இருந்தது. மணியும் கூட்டாளிகளும் பாண் பாலுவைத் தேடி ஊரெல்லாம் அலைகிற கட்டம். யோகம் மிஸ் அதை என்னிடம் வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“வாரும், போய்த் தேடுவம்.”

கூப்பிட்ட குரல்

பாக்கியம் அக்காவையும் கூட்டிக்கொண்டு முதலில் போன நிலையத்தில் அண்ணை இல்லை. இரண்டாவது நிலையத்தின் வாசலில் பெண்கள் கூட்டம். பின்கட்டில் ஒரு நீண்ட மண்டபத்தில் ஆட்களை இருத்தி வைத்திருந்தார்கள். அவர் இருக்கிற இடம் தெரிந்தால்தான் கடை முதலாளியைக் கூட்டிவந்து பொறுப்புச் சொல்ல வைக்கலாம். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் உள்ளே பார்த்து, தன் சிங்கள வாய்க்கு வந்தபடி பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. பாக்கியம் அக்காவுக்கோ சத்தமே எழும்பவில்லை. நான் கூப்பிட்டேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் மூக்கைச் சுருக்கினேன். “பாண் பாலு! உள்ளுக்கு இருக்கிறியா?” மணியின் கீச்சுக்குரல் மதிலைத் தாண்டிப் போனது. சுற்றி நின்றவர்கள் அமைதியானார்கள். பிறகு மண்டபத்தின் கடைசி யன்னலிலிருந்து அந்தக் கரகரத்த குரல் வந்தது. “ஓமடா மணி, இங்கதான் இருக்கிறன். கேக்கை நான் எடுக்கேல்லை.”

உள்ளே இருந்தவர்கள் சிரித்த சத்தம் கேட்டது. பாக்கியம் அக்கா என் தோளில் முகத்தை வைத்து அழுதார். கான்ஸ்டபிள் யார் அது என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், அவர் எங்கள் நாடகத்துக் கள்ளன் என்று சொல்ல நினைத்து, “அபே ஹொரா” என்று மட்டும் சொல்லிவிட்டேன். எங்கள் கள்ளன்! கான்ஸ்டபிள் நிமிர்ந்து நின்றார். யோகம் மிஸ் ஓடிவந்து நல்ல சிங்களத்தில் ரேடியோ, பிள்ளைகள், கேக் என்று முழுக்கதையையும் விளங்கப்படுத்தினார். கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பாக்கியம் அக்காவுக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் எனக்குச் சொன்னார்.

“நோனா, பொலிசுக்கு வந்து ‘அபே ஹொரா’ எண்டு சொல்ல வேணாம்.”

வெளியே வந்தபோது

ஹாட்வெயார் கடை முதலாளி கடையைப் பூட்டிவிட்டு வந்து, இவர் என்னிடம் வேலை செய்பவர்தான் என்று சொன்னார். பின்னேரம் செல்வரத்தினம் அண்ணையையும் இன்னும் சிலரையும் விட்டார்கள். எல்லாரையும் விடவில்லை. வாசலில் நின்ற மற்றப் பெண்களைப் பார்க்க முடியாமல் நாங்கள் தலையைக் குனிந்துகொண்டுதான் நடந்தோம்.

ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். கான்ஸ்டபிள் முதலில் பெயரைக் கூப்பிட்டபோது ஏன் பதில் சொல்லவில்லை என்று பாக்கியம் அக்கா கேட்டார். அண்ணை பதில் சொன்னது என்னைப் பார்த்து.

“பயத்தில என்ர குரல் வரேல்லை, தங்கச்சி. பாலுவின்ர குரல்தான் வந்தது.”

கதையின் முடிவு

அடுத்த கிழமை கடைசி அங்கம். புத்தகத்தில் கள்ளனை விலங்கு மாட்டி இழுத்துப் போவார்கள், ஊர் கைகொட்டிச் சிரிக்கும். செல்வரத்தினம் அண்ணை அந்தப் பக்கத்துக்கு வந்ததும் வாசிப்பை நிறுத்திவிட்டார். யோகம் மிஸ் பேனையை எடுத்து அந்தப் பக்கத்தை வெட்டினார். பாண் பாலு விடிய விடியப் புதுக் கேக் செய்து கலியாண வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறான் என்று அங்கேயே எழுதினார்.

குற்றவாளிக்குத் தண்டனை இல்லையா என்று சில பெரியவர்கள் குறைப்பட்டார்கள். ஆனால் வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றபோது, என் குரலை வைத்து நான்தான் மணி என்று கண்டுகொண்ட ஒரு தாய் மெதுவாகச் சொன்னார்.

“பாலுவை மறியலில அடைக்காமல் விட்டது நல்லது. எங்கட பிள்ளையள் அண்டைக்கு நிம்மதியா நித்திரை கொண்டதுகள்.”

கள்ளனைக் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவள் நான், உண்மையில் கண்டுபிடித்ததோ ஒன்றையும் களவெடுக்காத ஒரு மனுசனைத்தான்.