நான்கு விரல் குறைந்த துப்பாக்கி

பழம்பொருளைச் சீர்செய்கிற தொழிலில், எந்த அழுக்கைத் துடைக்கலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று தெரிவதற்குள் பாதி ஆயுள் போய்விடும். எனக்கு இன்னும் நான்கு வருஷந்தான் ஆகிறது. வளைகுடா நகரம் ஒன்றின் சத்வா பகுதியில், தையல் கடைகளுக்குப் பின்சந்தில் எங்கள் பட்டறை. முதலாளி கீழக்கரைக்காரர், எல்லோருக்கும் காக்கா, அவர்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரும்பு வேலைக்கு முருகையன் அண்ணன், புதுக்கோட்டைப் பக்கம். மரம், துணி, பித்தளை என் பங்கு. கணவருக்குத் தூரத்து ருவைஸில் எண்ணெய் பிளான்ட் வேலை, வெள்ளிக்கிழமைதான் வருவார். இரண்டு வயது மகளைக் கீழ்வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு ஓடுகிறேன். என்னைப் போலப் பிள்ளையை யாரிடமோ கொடுத்துவிட்டுப் படியிறங்குகிறவர்களுக்கு அந்த நினைப்பு தெரியும்: சாயங்காலம் நான் திரும்பாவிட்டால் இவளைத் தூக்க இந்த ஊரில் ஆளில்லை. அவள் தூங்கியபின் உட்கார்ந்து எழுதுகிறேன்.

புளி

போன குளிர்காலத்தில் சயீத் என்பவர் ஒரு துருக்கித் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற பழைய வகை. அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர்கள் வீட்டு விருந்தினர் கூடத்தில், சுவரில் தொங்கியதாம். கட்டையில் விரிசல், சுடும் பொறியில் துரு. "சுடுவதற்கு வேண்டாம், பார்க்க நன்றாக இருந்தால் போதும்" என்றார் இந்தியில்.

விசைக்குக் கீழே இருந்த பித்தளை வளையம் கன்னங்கரேலென்று இருந்தது. குத்துவிளக்கு தேய்த்துப் பழகிய கை சும்மா இருக்குமா? மறுநாள் வீட்டிலிருந்து புளி கொண்டுபோய் ஒரு ஓரத்தைத் தேய்த்தேன். தங்கமாக மின்னியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பார்க்க வந்த சயீத் அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். கோபப்படவில்லை. "அந்தக் கறுப்பு என் அப்பாவுடைய கை" என்றார்.

அளவு

குழலின் பின்பக்கத் திருகு அசையவே இல்லை. சூடு காட்டினால் இளகும் என்று முருகையன் அண்ணன் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தார். கான்வென்ட்டில் தையல் சொல்லித்தந்த சிஸ்டர், அளவெழுதாமல் கத்திரியைத் தொட்டால் விரல் கணுவில் ஸ்கேலால் தட்டுவார். அந்தப் பழக்கத்தில், "ஒரு நிமிஷம் அண்ணே, நீளம் எழுதிக்கிறேன்" என்றேன். ஒரு குச்சியைக் குழலின் அடிவரை விட்டு, வாயருகே கோடு போட்டு, வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்துப் பிடித்தேன். குச்சி பின்திருகை எட்ட வேண்டும். நான்கு விரல் குறைந்தது. மறுபடி விட்டுப் பார்த்தேன். அதே நான்கு விரல். அடியில் ஏதோ இருந்தது.

அண்ணன் ஊரில் திருவிழாவுக்கு அதிர்வேட்டுப் போட்டவர், கெட்டித்த மருந்து சூட்டில் என்ன செய்யும் என்று தெரியும். குச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டார்ச்சை அணைத்து வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து சொன்னார்: "தங்கச்சி, நம்ம புள்ளைங்க மொகத்த இன்னும் பாக்கணும்னு இருக்கு."

பெர்மிட்

அன்று சாயங்காலம் மூன்று முறை கை கழுவிய பிறகுதான் மகளைத் தூக்கினேன். கணவருக்குப் போன் செய்து, வேலையை விட்டுவிடுகிறேன் என்று அழுதேன். அவர் பிளான்ட்டில் ஒரு பொறி பறப்பதற்குக்கூட எழுத்தில் அனுமதி வேண்டும். ஆள் வந்து வாயு கசிகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டபின்தான் வெல்டிங். நான் அழுது முடித்ததும் ஒன்றுதான் கேட்டார்: "டார்ச் பத்தவைக்க ஒங்களுக்கு யாரு பெர்மிட் குடுத்தா?"

பதினொன்று

வெடிமருந்து என்றால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், அதற்குமுன் துப்பாக்கிக்கு உரியவருக்குச் சொல்வது மரியாதை என்றார் காக்கா. மறுநாள் சயீத் தன் அம்மாவோடு வந்தார். எண்பது வயதிருக்கும், இந்த ஊர்ப் பெரியவர்கள் அணியும் பொன்னிற முகமூடி. அம்மா அரபியில் சொல்ல, மகன் இந்தியில் சொன்னார். நடுநடுவே மகன் நிறுத்தி அம்மாவைத் திரும்பக் கேட்டார். அவருக்கே அது புதுச் செய்தி.

அந்தக் காலத்தில் பிள்ளை பிறந்தால் வானத்தைப் பார்த்துச் சுடுவார்களாம். அம்மாவுக்கு முதல் பிரசவ வலி கண்டதும் அப்பா துப்பாக்கியில் மருந்து கெட்டித்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார். பிறந்த குழந்தை அழவில்லை. சுடாமலே துப்பாக்கியைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டியவர், பிறகு யாரையும் தொடவிட்டதில்லை. அடுத்துப் பிறந்த நான்கு பேருக்கும் பக்கத்து வீட்டுத் துப்பாக்கியை இரவல் வாங்கித்தான் சுட்டாராம். "உள்ளே இருப்பது இருக்கட்டும். அப்படியே கொடுங்கள், அதே இடத்தில் மாட்டுகிறோம்" என்றார் அம்மா.

காக்கா என்னைப் பார்த்தார். நெடுநாள் வாடிக்கை, மாட்டேன் என்று அவர் வாயால் வராது. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் நான் என்ன சொல்வது? ஆனாலும் எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்: "அந்தக் கூடத்துல இப்ப எத்தன புள்ளைங்க வெளையாடுது?"

மகன் அதை அரபியில் சொன்னார். அம்மா விரல்விட்டு எண்ணினார். நடுவில் ஒரு பெயர் விட்டுப்போக, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பதினொன்று. துப்பாக்கியின் மேல் ஒருமுறை கை வைத்தார். "கலாஸ்," என்றார், முடிந்தது என்று. "எடு, பெண்ணே."

ஆடு

போலீஸ் அனுப்பிய நிபுணர், பொறியருகே இருந்த சின்னத் துளைவழியே தண்ணீர் விட்டு இரண்டு நாள் ஊறவைத்தார். மூன்றாம் நாள், நுனியில் திருகு வைத்த கம்பியால் இழுத்தார். ஈயக் குண்டு வந்தது, அதைச் சுற்றி இறுக்கியிருந்த துணியோடு. மருந்து கறுப்புச் சேறாக வாளியில் விழுந்தது. துணி என் பங்கு. தட்டில் தண்ணீர் நிரப்பி மிதக்கவிட்டு, மடிப்பு மடிப்பாகப் பிரித்தேன். ஓரத்தில் வெள்ளிச் சரிகைப் பின்னல் தெரிந்தது.

குழந்தைக்கென்று எடுத்துவைத்த துணியாக இருந்துவிடுமோ என்று பயந்துகொண்டேதான், பார்க்க வந்திருந்த அம்மாவிடம் தட்டை நீட்டினேன். அம்மா முகமூடியைச் சற்று உயர்த்திக் கிட்டத்தில் பார்த்தார். அவர் கல்யாணச் சட்டையின் கைவிளிம்பாம். தோள் குலுங்கியது, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று மகனுக்கே தெரியவில்லை. பிறகு சொன்னார்: "ஆடு கடித்துவிட்டது என்றாரே இவன் அப்பா, பொய்க்காரர்."

பயந்த கைக்கு வேலை மெதுவாகத்தான் ஓடும். ஆனால் இந்தத் தொழிலில், சாயங்காலம் பிள்ளையைத் தூக்க அந்தக் கைதான் மிச்சமிருக்கும்.