பூக்காத மரங்களின் பட்டியல்

வரிசைப்படுத்தாமல் எழுத எனக்கு வராது. எஸ்தர் மேடத்திடம் தாவரவியல் படித்த உங்களுக்கு நான் சொல்ல நினைப்பவை:

1. அவர் மறைந்த செய்தியும் அஞ்சலிக் கூட்டமும்.
2. மழைக்காட்டில் அவர் வேலை செய்த விதம்.
3. எங்கள் பட்டியல் விதிப்படி சரியானதே. அவர் கோபம் மிகை.

செம்பாக்கம் ஏரிக்கரையில் காலை நடந்துகொண்டிருந்தபோது அவர் மகள் அழைத்தாள். "அம்மா போயிட்டாங்க, அங்கிள்." "சரிம்மா" என்றேன். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் பக்கத்து மேசையில் இருந்தவருக்கு அவ்வளவுதான் வந்தது.

சேலையூரில் அவருடைய காலனியிலேயே கூட்டம். பேனரில் அவர் படத்துக்குப் பின்னால் பனி மூடிய பைன் மரங்கள். பேனரைக் கட்டிக்கொண்டிருந்தவரிடம், "இது மழைக்காடு இல்லப்பா" என்று தயங்கிச் சொன்னேன்.

"இன்னா சார், மரந்தானே கீது?"

ஏரிக்கரையில் இரண்டு சென்ட் இடத்தில் 'மேடம் நினைவாக மினி ரெயின் ஃபாரஸ்ட்' என்று காலனிச் சங்கச் செயலாளர் அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஒருமுறை மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு சரிவைப் பார்த்துவர எங்களை அனுப்பினார்கள். அங்கே காட்டை வெட்டிச் சாலை போடலாமா என்பதற்கு எங்கள் மரப்பட்டியல் தேவைப்பட்டது. மேடம் பட்டையை லேசாகக் கீறுவார், முகர்வார், வடியும் பாலைப் பார்ப்பார், பெயர் சொல்லிவிடுவார். "ஆடியில குடிச்ச தண்ணியைச் சித்திரை வரைக்கும் சொட்டுச் சொட்டா விடும் சார் இந்தக் காடு. கீழ இருக்கிற ஊரெல்லாம் அதைத்தான் குடிக்குது."

எங்கள் துறையில் பூவோ காயோ உள்ள கிளையை உலர்த்தித் தாளில் ஒட்டினால்தான் மரம் இருப்பதற்குச் சான்று. அந்த மரங்களில் பல, சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும். நாங்கள் போனது பூக்காத ஆண்டு. அவர் முகர்ந்து எழுதிய பெயர்களைச் சிவப்புப் பென்சிலால் அடித்தேன்.

"பூ இல்லன்னா மரமே இல்லையா? என் தலையிலயும் பூ இல்ல, என் பேரையும் அடிச்சிடுங்க!"

"மேடம், விதியை நான் எழுதல."

"பென்சில் யார் கையில சார் இருக்கு?"

குட்டையான பட்டியலைப் பார்த்த சாலைத் துறை அதிகாரி மலர்ந்துபோனார். "இவ்ளோதானா? வெறும் புதர்க்காடு சார்!" காப்பி வரவழைத்தார். குடித்தேன். மேடம் கையெழுத்திட மறுத்தார். என்னுடையதே போதுமானதாக இருந்தது. வெட்டினார்கள். மறு கோடையில் அடிவார ஓடை வறண்டு, ஊருக்குத் தண்ணீர் லாரி வந்தது. அந்தக் காப்பியின் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் மகள் அவருடைய களக் குறிப்பேட்டைத் தந்தாள். "உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க, அங்கிள்." திறக்கப் பயந்து வைத்திருந்தேன். இதுவரை எழுதிய பிறகுதான் திறந்தேன். நான் அடித்த ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவருடைய பொடி எழுத்து: "பூ இல்லை. மரம் இருக்கிறது."

அவருடையது என்று என்னிடம் இருப்பது இந்தக் குறிப்பேடு மட்டும்தான். மேலே மூன்றாவதாக நான் எழுதியது தவறு. அதை அடித்துவிடுங்கள்.