மைக் பஞ்சாட்சரத்தின் குரல்

ஐயம்பேட்டையில் பஞ்சாட்சரத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. கோயிலில் கூழ் ஊற்றுவதா, ரேஷனில் பாமாயில் வந்ததா, யார் வீட்டுப் பசுவாவது காணாமல் போனதா, எல்லாம் அவர் வாயால் வந்தால்தான் ஊருக்குச் சேதி. ஆட்டோவின் மேல் இரண்டு குழாய், உள்ளே அவர், மடியில் ஒரு துண்டுச் சீட்டு. நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர்தான். தறிக்குழியில் உட்கார முட்டி ஒத்துழைக்கவில்லை என்று இருபத்தைந்து வயதில் மைக்கைப் பிடித்தார். நான் பக்கத்து வீட்டுக்காரன். முப்பது வருடமாகக் கேட்டுக் கேட்டு என் காது தேய்ந்ததுதான் மிச்சம்.

வீட்டில் மட்டும் அவருக்குப் பேச்சே வராது. அங்கே பேசுவதெல்லாம் அவர் மனைவி இந்திராணி. "ஊருக்கெல்லாம் கத்திட்டு வந்து, வூட்ல வாய்க்குப் பூட்டு போட்டுக்கினு உக்காந்துக்குறாரு பாருங்கண்ணா" என்று என்னிடம் முறையிடும். பிள்ளை இல்லை. அந்த அம்மாளுக்குப் பிறந்த வீடு வாலாஜாபாத். அங்கே ஒரே தம்பி, பழனி. அவன் இன்றும் நெய்கிறான். மாதம் தவறாமல் அக்காவைப் பார்க்க வந்துவிடுவான். வந்தால் மாமனும் மச்சானும் சேர்ந்து டீக்கடைக்குப் போவார்கள். பஞ்சாட்சரம் சிரித்து நான் பார்த்ததெல்லாம் அந்த டீக்கடையில்தான்.

பிறகு கொரோனா வந்தது. கூடவே துரைக்கண்ணு வந்தார். ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், அவர் பல கரை கண்டவர். முதல் ஊரடங்கில் அரிசி கொடுத்தார், அதை மறைக்க மாட்டேன். அப்போது பஞ்சாட்சரத்தைக் கூப்பிட்டு, 'மக்களைக் காக்க வந்த மாமனிதர் துரைக்கண்ணு அண்ணன்' என்று பதிவு செய்து ஊரெல்லாம் ஓட விட்டார். இரண்டாவது அலையில் அவரே ஒரு தடுப்புக் குழு அமைத்து, ஊர் எல்லையில் மூங்கில் கட்டிவிட்டார். சாவுக்கு இருபது பேர் என்று அரசாங்கம் சொன்னது. போதாது என்று இவர் ஒன்றைச் சேர்த்தார்: ரத்த சொந்தமே ஆனாலும் வெளியூர்க்காரர்கள் உள்ளே வரக்கூடாது. அதையும் ஊருக்குச் சொன்னது பஞ்சாட்சரம்தான். காலையும் மாலையும் சொன்னார்.

அந்த வைகாசியில் ஒரு விடியற்காலை இந்திராணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தது, எழுந்திருக்கவில்லை. கொரோனா இல்லை, மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

சுமங்கலியாகப் போகிறவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து போர்த்த வேண்டும். அது வராமல் எடுத்தால் அநாதைப் பிணத்தை எடுத்த மாதிரி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கடை எதுவும் திறந்திருக்கவில்லை. பழனி என்ன செய்தான் தெரியுமா? தறியில் முடிந்திருந்த அரக்குச் சேலையை அறுத்து எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினான். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள்.

பஞ்சாட்சரம் துரைக்கண்ணுவுக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"அண்ணா, பொறந்த வூட்டுக் கோடிண்ணா. ஒரே ஆளு. போத்திட்டுப் போயிடுவான்."

"பஞ்சு, மைக்ல சொல்றவனே மீறினா ஊரு என் மூஞ்சியில காறித் துப்பாதா? நாமதான்பா முன்னால நின்னு காட்டணும். மனச தேத்திக்கோ."

இந்த மனுஷன் அதை நம்பினார். அதுதான் எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல். நாங்கள் நாலு பேர் போய் மூங்கிலைப் பிடுங்கிப் போட்டிருக்கலாம். அவர் மச்சானுக்குப் போன் போட்டு, "திரும்பிப் போயிடு பழனி. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்றார். அங்கிருந்து அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

என் மனைவி பெட்டியிலிருந்து ஒரு நூல் சேலையை எடுத்துப் போர்த்தினாள். சுடுகாட்டில் நான் தலைகளை எண்ணினேன். பத்தொன்பது பேர். இருபதாவது ஆளுக்கு இடம் இருந்தது.

சரியாகப் பதினெட்டாம் நாள் துரைக்கண்ணுவின் அம்மா செத்துப்போனார். மூங்கில் எங்கே போனது என்று இதுவரை தெரியாது. ரோட்டின் இரண்டு பக்கமும் கார், வேன். அமரர் ஊர்தியைப் பூவால் மூடியிருந்தார்கள். மாஸ்க் எல்லாம் தாடைக்குக் காவலாகத் தொங்கியது. நானும் போனேன். மாலையோடு போனேன். போகாமல் இருந்தால் நாளைக்கு ஒரு கையெழுத்துக்கு அவரிடம்தானே நிற்க வேண்டும்? என்னைத் திட்ட வேண்டுமானால் தாராளமாகத் திட்டுங்கள்.

கூட்டத்தை ஒழுங்குபடுத்த மைக். மைக்கில் பஞ்சாட்சரம். மொட்டையடித்த தலையில் முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. யார் யார் மாலை வைக்கிறார்கள் என்று சீட்டைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். ஆற்காட்டிலிருந்து அந்த அம்மாளின் பிறந்த வீட்டார் மூன்று வேனில் வந்து இறங்கினார்கள், தலையில் தாம்பாளம், தாம்பாளத்தில் பட்டு. துரைக்கண்ணு கையைக் காட்டினார்.

"பொறந்த வீட்டுக் கோடி வருது. எல்லாரும் வழி விடுங்க."

பஞ்சாட்சரம் சொல்லிவிட்டார். அப்படியே மைக்கை வாயில் வைத்துக்கொண்டு தேம்பினார். குழாய் இரண்டும் அந்தத் தேம்பலை ஊருக்கெல்லாம் கேட்க வைத்தன. துரைக்கண்ணு வந்து கட்டிப் பிடித்து, "எங்கம்மாவுக்காக எப்படி அழுவறான் பாரு" என்றார்.

யாரோ வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். தலைவருக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா என்று இரண்டு நாள் வாட்ஸ்அப்பில் கொதித்தது. நிருபர் ஒருவர் கேட்டதற்கு, "நான் யாரையும் கூப்பிடலை, மக்கள் பாசத்துல வந்தாங்க" என்றார் துரைக்கண்ணு. வழக்கு என்று ஒன்று போட்டுத்தானே ஆக வேண்டும்? அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைத்துக் கூட்டம் சேர்த்ததாகப் போட்டார்கள், பஞ்சாட்சரத்தின் மேல். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

அதை அவர் தாங்கிக்கொண்டார். அந்த வீடியோ வாலாஜாபாத்துக்கும் போனது, அதைத்தான் தாங்க முடியவில்லை. பழனி ஒரே ஒரு தடவை போன் செய்தான். "என் அக்காளுக்கு வந்த கோடிய திருப்பி அனுப்பின வாயால, அவன் வூட்டுக் கோடிக்கு வழி வுடச் சொல்றியே மாமா" என்றான். வைத்துவிட்டான். அதோடு ஐந்து வருடம் பேச்சு இல்லை. ஒவ்வொரு வருடமும் திதி முடித்து, பழனிக்கு என்று ஓர் இலை போட்டு, சாயங்காலம் அதை எடுத்து மாட்டுக்கு வைப்பார்.

இப்போது தேர்தல். துரைக்கண்ணுவுக்கு சீட்டு கிடைத்துவிட்டது. ஆள் அனுப்பினார், குரல் கொடுக்க. பஞ்சாட்சரம் முதல் தடவையாக முடியாது என்றார். "அந்தாளுக்கு இனிமே வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லு" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார். முகம் தெளிந்திருந்தது. மறுநாள் காலை என்னிடம் வந்து, "வண்டிய எடு. பழனிகிட்ட போலாம். இப்பதான் போற மூஞ்சி இருக்குது" என்றார்.

என் மொபெட்டில்தான் போனோம். பழனி வாசலுக்கு வந்தான், உள்ளே கூப்பிடவில்லை. பஞ்சாட்சரம் நின்ற இடத்திலேயே சொன்னார்.

"தப்பு பண்ணிட்டேன் பழனி. நானே வந்து அந்த மூங்கில ஒடைச்சிருக்கணும். அவனுக்குப் பேச மாட்டேன்னு நேத்து சொல்லிட்டேன். அந்தச் சேலையக் குடு. அவ படத்துக்காவது போத்தறேன்."

பழனி வீட்டுப் பக்கம் திரும்பி, "ஜெயா, அதக் கொண்டா" என்று மனைவியைக் கூப்பிட்டான். ஜெயம்மாள் சேலையை எடுத்துக்கொண்டு வந்தாள். ஐந்து வருடமாகப் பிரிக்காத கவரைப் பிரித்தாள். அரக்கு நிறம் வெளியே தெரிந்தது.

அப்போதுதான் தெருமுனையில் ஆட்டோ திரும்பியது. "மக்களைக் காக்க வந்த மாமனிதர், உங்கள் துரைக்கண்ணு அண்ணன்..." கணீரென்ற குரல். பஞ்சாட்சரத்தின் குரல்.

"அது பழசுபா! அரிசி குடுக்கச் சொல்ல பேசினது! என்னைக் கேக்காம போட்டுட்டான்!" என்று கத்தினார். நானும் சத்தியம் செய்தேன். ஆட்டோ வாசலைக் கடந்து போகும் வரை அவர் கத்தியது அவருக்கே கேட்டிருக்காது. குழாயில் இருந்த குரல்தான் பெரிது.

ஆட்டோ போன பிறகு பழனி கேட்டான்: "கொரலு உன்னுதுதானே மாமா?"

பஞ்சாட்சரம் ஆமாம் என்று தலையாட்டினார். ஜெயம்மாள் சேலையை மடித்துக் கவருக்குள் போட்டாள்.