ஆங் சொன்ன கமிட்டி

வார்டு கமிட்டியில் என்னைச் சேர்த்ததற்கு என் சேவை மனப்பான்மைதான் காரணம் என்று யாராவது நினைத்தால், பாவம், ஏமாந்துபோவார்கள். எங்கள் கவுன்சிலரம்மாவுக்கு நான்தான் ஜாக்கெட் தைக்கிறேன். அம்மையார்குப்பத்துச் சேலை ஒன்றுக்கு அளவு கொடுக்க வந்தவர், "கமிட்டிக்கு நம்ம தெருவுல இருந்து ஆளு வேணுங்கக்கா. சம்பளம்லாம் கெடையாது, டீ உண்டு. வாய் பேசுறவங்க நீங்கதான்" என்றார். அந்த நேரம் பார்த்து என் வாயில் குண்டூசிகள் இருந்தன. அளவு பிடிக்கும்போது அப்படிக் கவ்விக்கொள்வது என் பழக்கம். மறுப்புச் சொல்ல முடியவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

கூட்டம் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில், சின்னப்பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் நடக்கும். முட்டி மோவாயை இடிக்கும். கமிட்டியில் பேர் கொடுத்தவர்கள் பலர், விடாமல் வந்தவர்கள் மூன்றே பேர். ஒன்று நான். இன்னொருவர் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், வீட்டில் உப்பு கேட்டாலும் பிளாட்பாரத்தில் அறிவிப்பதுபோலக் கேட்பவர். மூன்றாவது, தெருவின் மேல்கோடியில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். என்னைவிடச் சின்னவள். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். சாயங்காலப் பால் ஊற்றிவிட்டு நேரே வருவதால் கையில் கேன் இருக்கும். கடைசி பெஞ்சில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள், பேசமாட்டாள்.

போகப் போக எனக்குக் கமிட்டி பிடித்துப்போயிற்று. எரியாத தெருவிளக்கைச் சொன்னோம், எரிந்தது. சாக்கடைக்கு மூடி கேட்டோம், வந்தது. நாம் சொல்லி ஒன்று நடந்தது என்று தெரிகிறபோது வருகிற மிதப்பு இருக்கிறதே, பண்டிகைச் சீசனில் கடை நிரம்பத் துணி வந்தாலும் எனக்கு வந்ததில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். எங்கள் திருத்தணிப் பக்கத்தில் 'ஆங்' என்றால் ஆமாம். ஆனால் அதோடு முடிந்துவிடுவதில்லை. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது, கேட்கிறேன், மேலே சொல்லு என்பதற்கும் ஆங்தான். என் வீட்டுக்காரரிடம் சிலிண்டர் புக் பண்ணச் சொன்னால் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆங் என்பார். அதை நம்பினால் அடுப்பு எரியாது. எது எந்த ஆங் என்பது இழுக்கிற இழுப்பில் இருக்கிறது. பிறந்ததிலிருந்து கேட்டவர்களுக்குத் தெரியும்.

நகராட்சியிலிருந்து எங்கள் கூட்டத்துக்கு வருகிற ஓவர்சியர் திருநெல்வேலிக்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர். நல்ல மனுஷன். எங்கள் பேச்சைப் பழகிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டார். "இந்த ஊர்ல ஆங்னா ஆமா" என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பாடம் மாதிரி மனதில் பதித்துவைத்திருந்தார்.

ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்த சமயம். சித்தூர்ப் பக்கமிருந்து காவடிக்காரர்களின் வேன்கள் வந்து குவியும், எங்கள் தெருமுனையில் திரும்ப முடியாமல் நிற்கும். அதற்கு என்ன செய்வது என்று ஓவர்சியர் ஒரு காகிதத்தை வாசித்தார். ஃபைலில் மட்டும் புழங்கும் தமிழ். "தெருமுனையில் அமைந்துள்ள பொதுப் பயன்பாட்டுக் குடிநீர் அமைப்பினை அப்புறப்படுத்தி" என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் போனார். ரயில்வேக்காரர் ஆங் என்றார். நான், மறுநாள் கொடுக்கவேண்டிய ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்காததை நினைத்துக்கொண்டே ஆங் என்றேன். பால்காரிதான் எல்லாரையும்விடச் சத்தமாக ஆங் கொட்டினாள். ஆபீசர் பேசும்போது பதிலுக்கு ஒன்றும் சொல்லாமல் இருப்பது அவளுக்கு மரியாதைக் குறைவு. ஓவர்சியர் காகிதத்தின் ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு டீ வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

அடுத்த வாரம் காலையில் கடப்பாரையோடு இரண்டு பேர் தெருமுனைக்கு வந்தார்கள். பால்காரி தலைதெறிக்க என் கடைக்கு ஓடிவந்தாள். "யக்கா, கொழாய புடுங்க வந்துக்கிறாங்கக்கா!"

எங்கள் தெரு மலையைப் பார்த்து ஏறுகிற தெரு. கீழே இருக்கிற எங்களுக்கெல்லாம் வீட்டுக்குள் குழாய் உண்டு. மேல்கோடிக்குத் தண்ணீர் ஏறாது. அவள் குடிப்பது, சமைப்பது, மாடு குடிப்பது எல்லாம் அந்தத் தெருமுனைக் குழாயில்தான். திருத்தணி வெயிலில் ஒரு மாடு குடிக்கிற தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வைக்கோலைக் கே.ஜி.கண்டிகையிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்துவிடலாம். தண்ணீரை எதில் கொண்டுவருவாள்? குழாய் போனால் மாட்டை விற்கவேண்டியதுதான்.

கழுத்தில் அளவு டேப்போடு ஓடினேன். "யாரைக் கேட்டுப் புடுங்குறீங்க?"

"எங்கள இன்னா கேக்குற? கமிட்டியே ஒத்துக்கினாங்களாம். ஓவர்சியர் சொன்னாரு" என்றார் கடப்பாரைக்காரர்.

"கமிட்டியே நாங்கதான்யா!"

"அப்ப நீங்கதான் ஒத்துக்கினு இருக்கீங்க."

வாய் பேசுகிறவள் என்று பேர் வாங்கிய எனக்கு வாய் அடைத்துப்போனது. பால்காரிக்கு அடைத்துப்போகவில்லை. கேனைக் குழாய்க்கு அடியில் வைத்தாள். "தண்ணி புடிச்சிகினு இருக்கேங்க. ரொம்புனதும் புடுங்கிக்கோங்க" என்றாள், ரொம்பப் பணிவாக. குழாயில் நூல் மாதிரிதான் தண்ணீர் வந்தது. கேன் நிறையும்போது நான் என் வீட்டுக் குடத்தை வைத்தேன். எனக்குப் பின்னால் தெருவே குடத்தோடு நின்றது. நிறைந்த குடத்தைச் சிலர் சாக்கடையில் ஊற்றிவிட்டுத் திரும்ப வந்து வரிசையில் நின்றதை நான் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர்கள் நிழலில் உட்கார்ந்து டீ குடித்து, பீடி பிடித்து, கடைசியில் ஆபீசில் சொல்லிவிட்டு வருகிறோம் என்று போய்விட்டார்கள்.

நாங்கள் மூன்று பேரும் ஓவர்சியர் முன்னால் போய் நின்றோம். எங்களைவிட அவர்தான் நொந்துபோனார்.

"நான் வாசிக்க வாசிக்க மூணு பேரும் ஆங் ஆங்னு சொன்னீங்கல்லா? அதுலயும் இந்தம்மாதான் சத்தமா சொன்னாவ!"

"சார், அது ஆங் இல்ல சார். சும்மா ஆங்" என்றேன்.

"ஆங்ல சும்மா ஆங் வேற உண்டா?"

ரயில்வேக்காரர் எல்லா வகை ஆங்கையும் இழுத்துக் காட்டினார். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. ஓவர்சியர் முதலில் முறைத்தார், அப்புறம் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் சொன்னதில் சிரிப்பு இல்லை. கமிட்டி எடுத்த முடிவைக் கமிட்டிதான் மாற்றவேண்டும், அடுத்த கூட்டம்வரை ஆட்களை வேறு வேலைக்கு அனுப்பிவைக்கிறேன், வேன் திரும்ப வேறு வழி சொல்லாவிட்டால் அதற்குமேல் என் கையில் இல்லை என்றார்.

திரும்பி நடக்கும்போது பால்காரி தலையைக் குனிந்துகொண்டே வந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். அவள் முகத்தில் அழுகை இல்லை. ஏதோ அதிசயத்தைப் பார்த்துவிட்டு வருகிறவள் மாதிரி இருந்தாள்.

"யக்கா, நா ஆங்னு சொன்னத ஒருத்தர் எழுதிகினாரு பாத்தியா" என்றாள். "நைனா என்னை பாவாவுக்குக் குடுக்கறப்போகூட எங்கிட்ட கேக்கல. மாடு வாங்கறப்போ கேக்கல, விக்கறப்போ கேக்கல. எல்லாத்துக்கும் ஆங்னுதான் சொல்லிகினு வந்தேன். அதெல்லாம் யாரு எழுதிகினாங்கக்கா?"

மாமன் மகனைக் கட்டியவள், அப்பாவை நைனா என்றும் புருஷனைப் பாவா என்றும்தான் சொல்வாள். நல்ல மனுஷன்தான் அவனும். ஆனால் அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. குண்டூசியைக் கவ்வியிருந்த என்னிடமாவது ஒரு வார்த்தை கேட்டார்கள்.

அடுத்த கூட்டத்துக்குள் ரயில்வேக்காரர் வழி கண்டுபிடித்துவிட்டார். கிருத்திகைக்குப் பள்ளிக்கூடம் லீவுதான், வேன்கள் அந்த மைதானத்தில் நுழைந்து பின்பக்கத்து கேட் வழியாக வெளியே போகட்டும் என்றார். கவுன்சிலரம்மா தலைமையாசிரியரிடம் பேசிச் சம்மதம் வாங்கினார். இனிமேல் கூட்டத்தில் யாரும் ஆங் சொல்லக்கூடாது, கையைத்தான் தூக்கவேண்டும் என்று எங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டோம்.

ஓவர்சியர் புதுக் காகிதத்தை வாசித்தார். நாங்கள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாதியில் அவருக்கு வியர்த்துவிட்டது. "என்னத்தையாவது சொல்லுங்கம்மா. சுவத்துகூட பேசுத மாதிரி இருக்கு" என்றார். நான் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தேன்.

வாசித்து முடித்து, "சம்மதம்னா கை தூக்குங்க" என்றார். நானும் ரயில்வேக்காரரும் தூக்கினோம். பால்காரி தூக்கவில்லை.

மடியிலிருந்த கேனைத் தரையில் வைத்துவிட்டு அவள் எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. "சார், இன்னோர் வாட்டி சொல்லுங்க. அந்தக் காயிதத் தமிழ் வேணா."

ஓவர்சியர் காகிதத்தைக் கீழே வைத்தார். "கொழாய் இருந்த எடத்துலயே இருக்கும்மா. வண்டியெல்லாம் ஸ்கூல் மைதானத்துக்குப் போயிரும். சம்மதமா?"

"இது சும்மா ஆங் இல்ல சார். எழுதிக்கோங்க" என்றாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள், "ஆங்."

அவர் எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடும்வரை அவள் உட்காரவில்லை.