ஆரணியாற்றில் கிடைத்த தாலி

பெரியபாளையம் பவானியம்மன் கோயிலை ஒட்டி ஓடும் ஆரணியாற்றில் இன்று இடுப்பளவு தண்ணீர். லாரி டியூப்களின் மேல் மிதக்கும் மோட்டார், ஆற்றடி மணலைக் குழாயால் உறிஞ்சிச் சல்லடையில் கொட்டுகிறது. அதைப் பார்த்துக்கொள்பவர் முனிரத்தினம். காதில் ஹெட்போனும் கையில் மெட்டல் டிடெக்டருமாகத் தண்ணீருக்குள் நடப்பவர் அவர் மனைவி தேசம்மாள். நேர்த்திக்கடனாக வேப்பிலைச் சேலை கட்டி வருகிறவர்கள் விட்டுப்போன ஊக்குகளுக்கெல்லாம் டிடெக்டர் கத்துகிறது.

"ஊக்கு வேற மாதிரி கத்தும் சார், தங்கம் வேற மாதிரி. என் காதுக்குத் தெரியும்," என்கிறார்.

ஓரிடத்தில் நின்று குழாயைத் தானே இழுத்து வைக்கிறார். சல்லடையில் மணலோடு ஒரு தாலி விழுகிறது. யாரும் சொல்லாமலே முனிரத்தினம் மோட்டாரை நிறுத்துகிறார். நல்ல வேட்டைதான் என்கிறேன் தேசம்மாளிடம்.

"கம்மல், மோதிரம்னா எங்களுக்கு. தாலி அம்மனுக்கு சார். புருசன் உசுரு பொயைக்கணும்னு வேண்டிக்கினு, உண்டியல்ல போடுவாங்க. சில பேரு ஆத்துல உட்ருவாங்க."

அதை உண்டியலில் சேர்க்க ஈரப் புடவையோடு படியேறுகிறார். அவர் கழுத்தில் மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு மட்டும் இருக்கிறது. நான் பார்ப்பதைக் கவனித்து நிற்கிறார்.

"என்னோடதும் அந்த உண்டியல்லதான் போட்டேன்." மோவாயை உயர்த்தி ஆற்றைக் காட்டுகிறார். "அதோ, மோட்டாராண்ட குந்திக்கினு கீறாரே, அவருக்காவ."